தாவர நறுமண எண்ணெய்களிலும் சாறுகளிலும் புற்றுநோய் எதிர்ப்புத் திறனைச் சோதித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் வளர்ப்பு ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களும், ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஐயம் கொள்பவர்களும், வீட்டில் நோயாளி இருப்பதால் நம்பிக்கையோடு விசாரிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால் இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. செடியிலிருந்து புற்றுநோய் மருந்து நிஜமாகவே வந்திருக்கிறதா, இல்லை எல்லாம் பேச்சுதானா?

வந்திருக்கிறது. இன்று மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் மருந்துகளே அதற்குச் சான்று. நித்தியகல்யாணிச் செடி நீரிழிவுக்கு உதவும் என்ற நாட்டு வழக்கைச் சோதிக்கப் புகுந்த கனடா ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், எலிகளின் சர்க்கரை அளவு குறையாமல் வெள்ளையணுக்கள் குறைவதைக் கண்டார்கள். அதிலிருந்து 1958-இல் வின்பிளாஸ்டின் அறியப்பட்டது. அதே செடியின் வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் தவிர்க்க முடியாதது. பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962-இல் சேகரிக்கப்பட்டது. அதிலிருந்த பாக்லிடாக்செலின் கட்டமைப்பை வேதியியலாளர்கள் வாலும் வாணியும் 1971-இல் வெளியிட்டார்கள். சூசன் ஹார்விட்ஸ் 1979-இல் அது செல்லுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டினார். அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-இல். பட்டையைச் சேகரித்ததற்கும் அனுமதிக்கும் இடையே முப்பது ஆண்டுகள் ஓடியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளில் ஒன்றுகூடச் சாறாகவோ எண்ணெயாகவோ நோயாளிக்குத் தரப்படுவதில்லை. தனியாகப் பிரித்தெடுத்த, அளவு தெரிந்த ஒற்றைச் சேர்மமாக, அல்லது டோபோடிகான், இரினோடிகான், எடோபோசைடு போல ஆய்வகத்தில் மாற்றியமைத்த சேர்மமாகத்தான் தரப்படுகின்றன.

2. நறுமண எண்ணெயும் சாறும் ஒன்றுதானே? ஒரே மாதிரி சோதிக்கலாமா?

ஒன்றல்ல. இலையையோ பூவையோ நீராவியில் காய்ச்சி வடிக்கும்போது ஆவியோடு வெளியேறிக் குளிர்ந்து நீரிலிருந்து தனியாகப் பிரியும் பகுதி நறுமண எண்ணெய். அதில் தைமால், லிமோனீன், யூஜெனால், சிட்ரால் போன்ற சிறிய, ஆவியாகும் மூலக்கூறுகளே இருக்கும். சாறு என்பது மெத்தனால், எத்தனால், ஹெக்சேன், நீர் போன்ற ஏதேனும் ஒரு கரைப்பான் இழுத்து வந்த எல்லாவற்றின் கலவை. அதில் டானின், சப்போனின், ஃபிளேவனாய்டு, பச்சையம், சர்க்கரை என அனைத்தும் கலந்திருக்கும்.

ஆகவே இரண்டும் வெவ்வேறு வகையில் நம்மை ஏமாற்றக்கூடியவை. எண்ணெய் ஆவியாகிப் போகும், நீரில் கரையாது, பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். சாறு நிறத்தாலும் வேதிவினையாலும் அளவீட்டையே குழப்பும். சாற்றில் கரைப்பான் மிச்சமிருந்தால் செல்களைக் கொன்றது மெத்தனாலா செடியா என்பதே தெரியாமல் போகும். எனவே எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்திய பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

3. சோதனை என்றால் என்னதான் செய்கிறார்கள்?

பெரும்பாலான ஆய்வுகள் 1983-இல் மோஸ்மன் வெளியிட்ட எம்டிடி முறையையே பின்பற்றுகின்றன. 96 குழிகள் கொண்ட தட்டில், குழிக்குச் சில ஆயிரம் செல்கள் வீதம் இட்டு, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 5 விழுக்காடு கார்பன் டைஆக்சைடிலும் ஓர் இரவு ஒட்டவிடுவார்கள். மறுநாள் சாற்றைப் பல செறிவுகளில் சேர்த்து 24 முதல் 72 மணி நேரம் வைப்பார்கள். பின்னர் மஞ்சள் நிற எம்டிடி கரைசலை இட்டால், உயிருள்ள செல்களின் நொதிகள் அதை ஊதா நிற ஃபார்மசான் படிகங்களாக மாற்றும். படிகங்களைக் கரைத்து 570 நானோமீட்டர் அளவில் நிறத்தின் அடர்த்தியைப் படித்தால், எந்தக் குழியில் எவ்வளவு செயல்பாடு மிஞ்சியிருக்கிறது என்பது தெரியும்.

இங்கே அளக்கப்படுவது செல்லின் வளர்சிதை மாற்றம் மட்டுமே. செல்களை யாரும் எண்ணவில்லை. செல் சாகாமல் சோர்ந்துபோனாலும் நிறம் குறையும். எனவே புரதத்தைச் சாயமேற்றி அளக்கும் எஸ்ஆர்பி முறையையோ, இறந்த செல்லுக்குள் மட்டும் புகும் டிரிப்பான் நீலச் சாயத்தையோ கூடவே பயன்படுத்துவது நல்லது. இரண்டு முறைகள் ஒரே திசையைக் காட்டினால்தான் அந்த எண்ணை நான் நம்புவேன்.

4. ஐசி50 எவ்வளவு வந்தால் நல்ல முடிவு?

கன்ட்ரோலோடு, அதாவது சோதிக்கும் பொருள் இடாத ஒப்பீட்டுக் குழியோடு, ஒப்பிடும்போது செயல்பாட்டைப் பாதியாகக் குறைக்கும் செறிவே ஐசி50. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பழைய அளவுகோலின்படி, கச்சாச் சாறானால் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமும், தூய சேர்மமானால் 4 மைக்ரோகிராமும், அல்லது அவற்றுக்குக் கீழும் இருந்தால் தொடர்ந்து ஆராயத் தகுந்தது எனக் கொள்ளப்பட்டது. 300, 500 என்ற எண்களோடு “வலுவான புற்றுநோய் எதிர்ப்புத் திறன்” என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். அந்தச் செறிவில் பெரும்பாலான தாவரச் சாறுகள் ஏதேனும் ஒரு செல்லுக்குத் தொல்லை தரத்தான் செய்யும்.

எண்ணின் பொருளை உணர ஓர் ஒப்பீடு உதவும். தைமாலின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 150. மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது 660 மைக்ரோமோலாருக்கும் மேல். பாக்லிடாக்செல் பல புற்றுநோய் செல்களைச் சில நானோமோலார் அளவிலேயே தடுக்கிறது. 10 நானோமோலார் என்பது மில்லிலிட்டருக்கு 0.0085 மைக்ரோகிராம். இரண்டுக்கும் இடையே எடைக் கணக்கில் பத்தாயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

ஆனால் கச்சாச் சாற்றை இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்து ஒதுக்கிவிடவும் கூடாது. யூ மரப்பட்டையில் பாக்லிடாக்செல் 0.01 விழுக்காட்டு அளவில்தான் இருக்கிறது. அந்த விகிதத்தில் அதைக் கொண்ட ஒரு சாற்றை 100 மைக்ரோகிராம் இட்டால், உள்ளே இருக்கும் மருந்து 0.01 மைக்ரோகிராம், வேலை செய்ய அதுவே போதும். கச்சாச் சாற்றின் சுமாரான எண்ணுக்குப் பின்னால் மிக வலுவான சேர்மம் மறைந்திருக்கலாம். பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

5. புற்றுநோய் செல்லைக் கொன்றுவிட்டது. அது போதாதா?

போதாது. ப்ளீச்சிங் கரைசலும் புற்றுநோய் செல்லைக் கொல்லும். கேள்வி, சாதாரண செல்லை எந்த அளவுக்கு விட்டுவைக்கிறது என்பதுதான். அதனால் அதே தட்டில், அதே நேர அளவில், இயல்பான செல்களையும் வைத்து, இயல்பு செல்லின் ஐசி50-ஐப் புற்றுநோய் செல்லின் ஐசி50-ஆல் வகுத்துத் தேர்வுத்திறன் எண்ணைக் கணக்கிட வேண்டும். அது 1-ஐ ஒட்டி இருந்தால் நம் கையில் இருப்பது பொதுவான நஞ்சு.

இயல்பு செல் எது என்பதிலும் கவனம் தேவை. இயல்பு செல்லாக வைக்கப்படும் ஹெச்இகே 293 என்பது வைரஸ் மரபணுவால் மாற்றப்பட்ட செல். வீரோ என்பது குரங்கின் சிறுநீரகச் செல். மார்பகப் புற்றுநோயின் எம்சிஎஃப்-7 செல்லோடு ஒப்பிட, மார்பகத் திசுவின் எம்சிஎஃப்-10ஏ பொருத்தமானது. மெதுவாகப் பெருகும் இயல்பு செல், வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்லைவிடக் குறைவாகப் பாதிக்கப்பட்டதுபோலத் தோன்றுவதற்குப் பெருகும் வேகமே காரணமாக இருக்கலாம். பெருகும் வேகத்தையும் குறிப்பிடாமல் தேர்வுத்திறன் எண்ணை மட்டும் எழுதுவது அரைகுறை.

6. எண்ணெய் தண்ணீரோடு கலக்காதே. செல்லுக்கு எப்படிக் கொடுப்பது?

வழக்கமாக டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, அதைச் செல்கள் வளரும் சத்துக் கரைசலான வளர்ப்பு ஊடகத்தில் நீர்க்கச் செய்வார்கள். இறுதிக் கரைசலில் டிஎம்எஸ்ஓ 0.5 விழுக்காட்டைத் தாண்டாமல், முடிந்தால் 0.1 விழுக்காட்டில் இருக்க வேண்டும். அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழியே சரியான கன்ட்ரோல். வெறும் ஊடகத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தவறும். எல்லாச் செறிவுகளிலும் டிஎம்எஸ்ஓ ஒரே விழுக்காடாக இருக்குமாறு கலக்க வேண்டும்.

கலந்த பிறகு நுண்ணோக்கியில் பாருங்கள். மிதக்கும் சிறு எண்ணெய்த் துளிகள் தெரிந்தால், நீங்கள் எழுதப்போகும் செறிவு தாளில் மட்டுமே இருக்கும். துளி தொட்ட செல் சாகும், தொடாத செல் பிழைக்கும். நுண்வடிகட்டியில் வடித்தால் எண்ணெயின் ஒரு பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். செறிவை 0.01 விழுக்காடு என்று கன அளவில் எழுதும் வழக்கமும் இருக்கிறது. எண்ணெயின் அடர்த்தி 0.9 அளவில் இருந்தால் அது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 90 மைக்ரோகிராம். 0.01 என்று சிறிதாகத் தெரியும் எண்ணைக் கண்டு மயங்கிவிடக் கூடாது.

7. எண்ணெயே போடாத பக்கத்துக் குழியிலும் செல்கள் செத்துக் கிடக்கின்றன. பிப்பெட் தவறா?

பெரும்பாலும் ஆவிதான் காரணம். 37 டிகிரி வெப்பத்தில் எண்ணெய் ஆவியாகி, தட்டின் மூடிக்குக் கீழே பரவி, அடுத்த குழிகளின் ஊடகத்தில் கரைகிறது. அதிகச் செறிவுக் குழிக்குப் பக்கத்தில் கன்ட்ரோல் வைத்திருந்தால் கன்ட்ரோலே பாதிக்கப்பட்டு, எல்லாக் கணக்கும் சரியும். அதே சமயம் எண்ணெய் இட்ட குழியில் செறிவு மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். 72 மணி நேரச் சோதனை என்று எழுதினாலும், செல்கள் உண்மையில் எண்ணெயைச் சந்தித்தது முதல் சில மணி நேரங்களில் மட்டுமாக இருக்கலாம்.

கன்ட்ரோலுக்குத் தனித் தட்டு வைப்பது எளிய தீர்வு. ஒட்டும் படலத்தால் குழிகளை மூடலாம். ஆனால் அப்போது கார்பன் டைஆக்சைடும் உள்ளே போகாது என்பதால், ஊடகத்தின் அமிலத்தன்மை மாறாமல் இருக்க ஹெப்பிஸ் போன்ற தாங்கல் தேவைப்படும். தட்டின் விளிம்புக் குழிகளில் நீர் ஆவியாகி உப்புச் செறிவு கூடும். அவற்றில் செல் இடாமல் வெறும் நீரையோ உப்புக் கரைசலையோ நிரப்பிவிடுவது நல்லது. 96 குழிகளில் 36 வீணாகிறதே என்று மாணவர்கள் வருந்துவார்கள். வீணாகட்டும்.

8. சாறு போட்ட குழியில் கன்ட்ரோலைவிட அதிக ஊதா நிறம். சாறு செல்களை வளர்க்கிறதா?

அப்படி முடிவு செய்வதற்கு முன், செல்லே இல்லாத குழியில் சாற்றையும் எம்டிடியையும் கலந்து வைத்துப் பாருங்கள். பாலிபினால் மிகுந்த சாறுகள் நொதியின் உதவியின்றித் தாங்களாகவே எம்டிடியை ஊதாவாக மாற்றிவிடும். அந்த நிறம் செல்லின் உயிரோடு தொடர்பில்லாதது. இந்த விளைவால், செல்களை உண்மையில் கொல்லும் சாறுகூடத் தீங்கற்றது என்று தவறாக ஒதுக்கப்படலாம். வேறு வகைகளிலும் பிழை வரும்: டானின் புரதங்களோடு பிணைந்து வீழ்படிவாகும், கரும்பச்சைச் சாறு தன் நிறத்தாலேயே அளவீட்டைக் கூட்டும்.

எம்டிடி சேர்ப்பதற்கு முன் சாற்றை உறிஞ்சி எடுத்து, செல்களை மெல்லக் கழுவிவிட்டுப் புதிய ஊடகம் இடுவது பாதிச் சிக்கலைத் தீர்க்கும். செல்லில்லாக் குழிகளைக் கன்ட்ரோலாக வைப்பது மீதியைத் தீர்க்கும். இதைச் செய்யாத தாவரச் சாற்று ஆய்வைப் படிக்க நேர்ந்தால், அதன் எண்களை நான் தற்காலிகமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

9. டிபிபிஎச் சோதனையில் நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் வந்தது. அப்படியானால் புற்றுநோய்க்கும் எதிரானதுதானே?

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. டிபிபிஎச் என்பது ஒரு கண்ணாடிக் குடுவை வேதிவினை. அதில் செல்லே கிடையாது. பல தாவரச் சேர்மங்கள் செல் வளர்ப்பு ஊடகத்தில் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, அதன் மூலமே செல்களைக் கொல்கின்றன. அது தட்டில் மட்டும் நிகழும் விளைவாக இருக்கலாம்.

10. செல்கள் சுருங்கி உருண்டு போய்விட்டன. அப்போப்டோசிஸ் என்று எழுதலாமா?

படத்தை மட்டும் வைத்து எழுத வேண்டாம். அப்போப்டோசிஸ் என்பது செல் தன் உள் ஒழுங்கின்படி தன்னைக் கலைத்துக்கொள்ளும் இறப்பு. அனெக்சின் வி, சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் புகும் புரோபிடியம் அயோடைடு ஆகியவற்றால் சாயமேற்றிய செல்களை, ஒவ்வொன்றாக அளக்கும் ஃபுளோ சைட்டோமெட்ரியில் பார்ப்பதும், காஸ்பேஸ்-3 நொதியின் செயல்பாட்டை அளப்பதும் அதற்கான அடிப்படைச் சான்றுகள். நேரம் முக்கியம்: 48 மணி நேரத்தில் பார்த்தால் எல்லாச் செல்களும் இரண்டு சாயங்களையும் ஏற்றுக்கொண்டிருக்கும், முதலில் எது நடந்தது என்று சொல்ல முடியாது. 6, 12, 24 மணி நேரங்களில் தனித்தனியாகப் பார்த்தால், சவ்வு கிழிவதற்கு முன்பே அனெக்சின் ஒட்டியதா என்பது தெரியும்.

எண்ணெய்களும் சப்போனின் மிகுந்த சாறுகளும் செல் சவ்வை நேரடியாகக் கரைத்துக் கொல்லக்கூடியவை. சிவப்பணுக்களை வைத்துச் செய்யும் ரத்தச் சிதைவுச் சோதனையை முன்கூட்டியே செய்துவிட்டால், ஐசி50 வரும் அதே செறிவில் சிவப்பணுவும் உடைகிறதா என்பது புலப்படும். உடைந்தால், சமிக்ஞைப் பாதைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தேவையிருக்காது.

11. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பாசிட்டிவ் கன்ட்ரோலாக (செல்லைக் கொல்லும் என்று முன்பே தெரிந்த ஒப்பீடாக) வைத்தேன், வேலையே செய்யவில்லை. மருந்து கெட்டுவிட்டதா?

எதில் கரைத்தீர்கள் என்று பாருங்கள். டிஎம்எஸ்ஓ சிஸ்பிளாட்டினின் பிளாட்டினத்தோடு பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். உப்புக் கரைசலில்தான் அதைக் கரைக்க வேண்டும். சாற்றுக்கு டிஎம்எஸ்ஓ பயன்படுத்தும் பழக்கத்தில் மருந்தையும் அதிலேயே கரைப்பது பரவலாக நடக்கிறது. விளைவு, சாறு மருந்துக்கு ஈடாக இருப்பதுபோல ஒரு பொய்த் தோற்றம்.

12. மூன்று குழிகளில் போட்டேன். மூன்று முறை செய்ததாகத்தானே கணக்கு?

ஒரு முறை செய்ததாகவே கணக்கு. ஒரே நாளில், ஒரே குடுவையில் வளர்ந்த செல்களை, ஒரே முறை கலந்த சாற்றால் சோதித்த மூன்று குழிகள் உங்கள் பிப்பெட்டின் சீரான தன்மையைத்தான் காட்டும். வேறு நாள், வேறு தலைமுறைச் செல், புதிதாகக் கலந்த கரைசல் என்று குறைந்தது மூன்று தனித்தனிச் சோதனைகள் வேண்டும்.

13. போன வருடம் அருமையாக வேலை செய்த அதே செடி இந்த வருடம் ஒன்றுமே செய்யவில்லை. ஏன்?

முதலில் அது அதே செடிதானா என்பதை உறுதி செய்ய வேண்டும். சேகரித்த கிளையை உலர்த்தி, தாவர அடையாளம் தெரிந்தவரைக் கொண்டு பெயரிட்டு, எண்ணோடு ஹெர்பேரியத்தில் (உலர்தாவரத் தொகுப்பகத்தில்) வைத்திருந்தால் இந்த ஐயமே எழாது. அதே இனமாக இருந்தாலும் எண்ணெயின் கூட்டு மாறலாம்: ஒரே இனச் செடியில் ஒன்று தைமால் மிகுந்தும் மற்றொன்று லினலூல் மிகுந்தும் இருப்பது உண்டு. பருவமும் பூக்கும் நிலையும்கூட விகிதத்தை மாற்றும். போதாக்குறைக்கு, பாதி காலியான புட்டியில் வெளிச்சம் பட வைத்த எண்ணெயில் லிமோனீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து வேறு சேர்மங்களாகிவிடும். ஒவ்வொரு முறையும் வாயு நிறப்பகுப்பு – நிறை நிறமாலை முறையில் கூட்டை அளந்து வைத்திருந்தால் மாற்றத்தைக் கண்டுபிடிக்கலாம்.

செல்களும் மாறியிருக்கலாம். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவின் தொற்று கண்ணுக்குத் தெரியாது, ஊடகம் கலங்காது, ஆனால் எம்டிடி அளவீட்டைக் குலைக்கும். மார்பகப் புற்றுநோய் செல் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட எம்டிஏ-எம்பி-435 உண்மையில் தோலின் மெலனோமா செல் என்று தெரியவந்த பிறகு, செல்லின் அடையாளத்தை டிஎன்ஏ முறையில் சரிபார்ப்பது எல்லாருக்கும் கடமையாகிவிட்டது.

14. சாறாக இருந்தபோது வேலை செய்தது, பிரித்ததும் போய்விட்டது. கூட்டு விளைவு என்று எழுதலாமா?

கூட்டு விளைவு உண்மையில் இருக்கலாம். ஆனால் அதைக் கடைசி விளக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில், செயல்படும் சேர்மம், பிரிக்கப் பயன்படுத்திய சிலிக்கா நிரலிலேயே ஒட்டிக்கொண்டதா, உலர்த்தும்போது ஆவியாகிவிட்டதா, காற்றுப் பட்டுச் சிதைந்ததா என்று பார்க்க வேண்டும். பிரித்த எல்லாப் பகுதிகளையும் பழைய விகிதத்தில் மீண்டும் கலந்து சோதியுங்கள். செயல் திரும்பி வந்தால் கூட்டு விளைவைப் பற்றிப் பேசலாம். அதையும் சேர்மங்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் பல விகிதங்களில் அளந்து, சேர்க்கைக் குறியீட்டை (தனித்தனி விளைவுகளின் கூட்டைவிடச் சேர்ந்த விளைவு அதிகமா என்று காட்டும் எண்ணை) கணக்கிட்ட பிறகே உறுதி செய்ய வேண்டும். திரும்பி வராவிட்டால் ஏதோ ஒன்று வழியில் தொலைந்துவிட்டது.

15. தட்டில் 100 மைக்ரோகிராம் போதும் என்றால், மனிதர் எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது லிட்டருக்கு 100 மில்லிகிராம். 5 லிட்டர் ரத்தத்தில் மட்டும் அந்தச் செறிவு வர 500 மில்லிகிராம் எண்ணெய் முழுமையாக ரத்தத்தில் இருக்க வேண்டும். உடலின் ஏறத்தாழ 40 லிட்டர் நீரிலும் பரவினால் 4 கிராம். விழுங்கியதில் ஒரு பகுதிதான் குடலைக் கடக்கும், கல்லீரல் விரைவாக மாற்றிவிடும், மிச்சம் ரத்தப் புரதங்களோடு பிணையும். ஆகவே உண்மையில் தேவைப்படுவது இதைவிடப் பல மடங்கு. யூகலிப்டஸ் எண்ணெயைச் சில மில்லிலிட்டர் விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருப்பதை நினைத்தால், அந்த அளவு எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

பெரில்லைல் ஆல்கஹால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நறுமண எண்ணெய்களில் காணப்படும் இந்தச் சேர்மம் எலிகளின் மார்பகக் கட்டிகளைச் சுருக்கியது. மனிதர்களுக்கு வாய்வழியாகக் கொடுத்த இரண்டாம் கட்டச் சோதனைகளில் வயிற்றுத் தொல்லைகள்தாம் தெரிந்தன; தெளிவான பலன் கிடைக்கவில்லை.

16. என் அம்மாவுக்குப் புற்றுநோய். கட்டுரையில் படித்த எண்ணெயையோ கஷாயத்தையோ சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஒளிக்காமல் சொல்கிறேன். தட்டிலோ எலியிலோ கிடைத்த முடிவை வைத்துக் கொடுக்க வேண்டாம். பழக் கொட்டைகளிலிருந்து கிடைக்கும் லேட்ரைல் இயற்கை மருந்து என்று பெரிதாகப் பேசப்பட்டது. 178 நோயாளிகளிடம் நடத்தி 1982-இல் வெளியிட்ட ஆய்வில் பலன் ஏதும் இல்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு நச்சளவை நெருங்கியது. அரிஸ்டோலோக்கியா வகைச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையே உண்டாக்குகிறது.

தனியாகத் தீங்கு செய்யாத செடியும் மருந்தோடு மோதலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரல் நொதிகளைத் தூண்டி, 1-ஆம் பதிலில் சொன்ன இரினோடிகானின் செயல்படும் வடிவத்தை ரத்தத்தில் குறைத்துவிடுகிறது. நோயாளி முழு மருந்தையும் ஏற்றிக்கொண்டும் குறைவான சிகிச்சையே பெறுகிறார். ஏற்கெனவே ஏதேனும் கொடுத்துக்கொண்டிருந்தால், திட்டுவார்களோ என்று மறைக்காமல், அந்தப் புட்டியையோ பொட்டலத்தையோ அடுத்த சந்திப்பின்போது அப்படியே எடுத்துச் சென்று, எவ்வளவு, எத்தனை நாளாக என்பதையும் சேர்த்துப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.